சுரை

யூன் 4
அம்மான்ர மார்புப் புற்றுக்கு ஆறாவது ஊசி ஏத்தியாச்சு. இன்னும் ஆறு கிடக்கு.

யூன் 5
காலமை அம்மா தோடு போடக் கண்ணாடிக்கு முன்னால நிண்டவா. கனநேரமாச் சத்தமில்லை எண்டு எட்டிப் பாத்தன். தோட்டின்ர பின்பக்கம் பூட்டுற சுரையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில பிடிச்சிருக்கிறா, ஆனா பிடிச்சிருக்கிறன் எண்டது விரலுக்குத் தெரியேல்லை, கண்ணால பாத்துத்தான் பிடிக்கிறா. காதுக்குப் பின்னால கொண்டுபோனவுடன கண் எட்டாதுதானே, அதோட விழுந்திட்டுது. கட்டிலுக்குக் கீழ போய்த் தேடி எடுத்து நான்தான் பூட்டிவிட்டன்.

"டொக்டரிட்டச் சொல்லிப்போடாத பிள்ளை, மருந்தைக் குறைச்சுப்போடுவினம்" எண்டா.

யூன் 6
நித்திரை இல்லை. பக்லிடக்சல், பக்லிடக்சல், அம்மாக்கு ஏத்துற அந்த மருந்தைப் பற்றியே யோசினைதான். கலம் பிரியேக்க அதின்ர நிறமூர்த்தங்களை (குரோமோசோம்) ரெண்டு பக்கமும் இழுக்கிறது கதிர் நார், அது நுண்குழாயால ஆனது, அந்தக் குழாய் வளந்துகொண்டும் கரைஞ்சுகொண்டும் இருந்தால்தான் இழுவை நடக்கும். இந்த மருந்து போய் அதைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடிச்சு வைச்சிடும். அமெரிக்காவில ஒரு யூ மரத்தின்ர பட்டையில 1962ல சேகரிச்சதில இருந்து வந்த சாமான், அது எப்பிடி வேலை செய்யுதெண்டு 1979லதான் சூசன் ஹோர்விட்ஸ் எண்ட விஞ்ஞானி காட்டினவா. அதுக்கு முதல் தெரிஞ்ச மருந்தெல்லாம் குழாயைக் கட்டவிடாமல் தடுக்கிறது, இது அப்பிடியே தலைகீழ். கலம் நடுவழியில நிண்டு சாகும்.

சரி, ஆனா நரம்புக்கலம் பிரியிறேல்லையே! பிறகேன் அம்மான்ர விரல்?

ஏனெண்டா முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில இருக்கிற கலத்தில இருந்து விரல்நுனி மட்டும் ஒரே நார். அதுக்குள்ள சாமான் ஏத்தி இறக்கிற றோட்டும் அதே நுண்குழாய்தான். 2006ல ஏ9 றோட்டைப் பூட்டேக்க யாழ்ப்பாணத்துக்குச் சாமான் போகாமல் விட்டமாதிரி, றோட்டின்ர கடைசி அந்தத்தில இருக்கிறவைக்குத்தான் முதல்ல தட்டுப்பாடு. கால்விரல், பிறகு கைவிரல். அம்மா செருப்புக் கழண்டது தெரியாமல் முத்தத்தில நடந்தது ஞாபகம் வருது, நான் அண்டைக்கு ஏசினனான்.

யூன் 8
பாலைப்பழம் கேட்டு அழுறா. வெள்ளைக்கலம் காணாமல் இருக்கேக்க றோட்டுக்கரைப் பழம் குடுக்க எனக்குப் பயம். குடுக்கேல்லை.

யூன் 9
பின்வீட்டு மாமி ஒரு பிடி பட்டிப்பூ (நித்தியகல்யாணி) இலையோட வந்தவா, அவிச்சுக் குடுக்கட்டாம், கான்சர் மருந்தே இதிலதானாம் செய்யினம். பொய்யில்லை. கனடாவில நோபிள், பியர் எண்ட ரெண்டு விஞ்ஞானியள் சீனிவருத்தத்துக்கு எண்டு அந்த இலைச்சாறை எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கினம், சீனி குறையேல்லை, வெள்ளைக்கலம் விழுந்திட்டுது. அதைப் பிடிச்சுக்கொண்டு போய் 1958ல வின்பிளாஸ்டின் எண்ட புற்று மருந்து. அதுக்குப் பிறகு வின்கிறிஸ்டின், அது இண்டைக்கும் சின்னப்பிள்ளையளின்ர ரத்தப் புற்றுக்குக் குடுக்கிறது. ஆனா இலையில இருக்கிறது துளியிலும் துளி, எவ்வளவு எண்டு அளவில்லாமல் அவிச்சுக் குடிக்கிற சாமானே இது? வின்கிறிஸ்டினும் நரம்பைத்தான் பிடிக்கும். மாமிக்கு மெல்லமாச் சொல்லி அனுப்பினன். அவா முகம் வாடிப்போச்சு, பாவம். வேலிக்கரையில எங்கட பட்டிப்பூவும் நல்லாப் பூத்து நிக்குது.

யூன் 10
12ஆம் வகுப்புக்கு இழையுருப்பிரிவு, கலம் பிரியிற பாடம், படிப்பிச்சன். பலகையில கதிர் நார் கீறேக்க கை நிண்டிட்டுது.

யூன் 11
விடிய நாலு மணி பஸ். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில தேங்காய் உடைச்சம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ரத்தம் பாத்திட்டு வெள்ளைக்கலம் காணாதெண்டு திருப்பி விட்டிட்டினம். வெள்ளைக்கலத்தைச் செய்யிற என்பு மச்சைக் கலமும் கெதியாப் பிரியிற கலம்தானே, மருந்துக்கு ஆள் தெரியாது. ஏழாவது அடுத்த கிழமை.

அம்மா சந்தோசமாய் இருந்தவா எண்டதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருந்தது.

யூன் 14
ஏன் பிரியிற கலத்தை மட்டும் பிடிக்கிற மருந்தைச் செய்யினமில்லை எண்டு ஒரு கிழமையாய் மனசுக்குள்ள கத்திக்கொண்டிருந்தன், செய்துதான் பாத்திருக்கினம். ஈஜி5 எண்டு ஒரு புரதம், கதிரின்ர ரெண்டு முனையையும் தள்ளி விலக்கிறது அதுதான். அதை நிப்பாட்டினால் கலம் பிரியாது, நரம்பின்ர றோட்டுக்கும் ஒண்டும் வராது. 1999ல அதை நிப்பாட்டுற மொனாஸ்ட்ரோல், பிறகு இஸ்பினெசிப் எண்டு ஆக்களுக்கே குடுத்துப் பாத்தவை. எவ்வளவு வடிவான யோசினை. நினைச்சமாதிரி நரம்பும் பெரிசாப் பழுதாகேல்லை, ஆனா கட்டியும் பெரிசாக் கரையேல்லை. லாப் தட்டில நாள்தோறும் பிரியிற கலம் உடம்புக்குள்ள அப்பிடி அவசரப்படுறேல்லையாம், ஒரு நேரத்தில பிரிஞ்சுகொண்டு நிக்கிறது கொஞ்சம்தான்.

அப்ப பக்லிடக்சல் மட்டும் எப்பிடிக் கேக்குது? 6ஆம் திகதி நடுவழியில நிண்டு சாகும் எண்டு எழுதினது முழுக்கச் சரியில்லை. மார்புக் கட்டியில அது கலத்தை நிப்பாட்டுறதை விட, கதிருக்கு ரெண்டு முனைக்குப் பதிலா மூண்டு நாலு முனை வரப்பண்ணி, நிறமூர்த்தம் கண்டபாட்டுக்குப் பிரிஞ்சுதான் சாகுதெண்டு 2014ல காட்டியிருக்கினம். குடுக்கத் துவங்கி இருபது வருசம் கழிச்சு! இன்னும் பத்து வருசம் முந்தி ஆராவது இதைக் கண்டிருந்தால் அம்மான்ர விரலுக்கு ஒரு வழி வந்திருக்குமோ தெரியேல்லை. சோறு அடிப்பிடிச்சுப் போச்சு.

யூன் 17
அரிசியில கல்லுப் பொறுக்கிறா. கல்லும் அரிசியும் ஒண்டாய்த்தான் இருக்காம்.

யூன் 18
சொல்லிப்போட்டன்.

டொக்டர் "பட்டன் பூட்ட ஏலுதோ அம்மா" எண்டு கேட்டவர், அம்மா "ஓம் ஓம்" எண்டு தலையாட்டினவா. நான் தோட்டுச் சுரையைச் சொன்னன், செருப்பைச் சொன்னன், அரிசியைச் சொன்னன். அவர் அம்மான்ர விரல் நுனியைத் தொட்டு, கண்ணை மூடச் சொல்லி, எந்த விரல் எண்டு கேட்டவர். அம்மா பிழைபிழையாச் சொன்னவா. அளவைக் குறைச்சு எழுதியிருக்கினம். ஏழாவது ஏத்தினது அந்த அளவிலதான்.

வரேக்க முறிகண்டியில பஸ் நிண்டது, கச்சான் வாங்கிக் குடுத்தன். கையை நீட்டேல்லை. வீடு வரைக்கும் யன்னலையே பாத்துக்கொண்டு வந்தவா.

யூன் 19
தோடு போடேல்லை. மேசையில சுரையோட கிடக்கு.