மருந்துக்கடை கம்ப்யூட்டரில் ரஷ்ய மொழி படித்தேன்

அஞ்சுகிராமத்தில் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்யத் தொழில்நுட்பத்தில் கட்டியது என்பதால், அங்கே வேலைக்கு வரும் ரஷ்யர்கள் செட்டிகுளம் அணுவிஜய் நகரியத்தில் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் கடைக்கும் வருவார்கள். பாரசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற பெயர்கள் அவர்களுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெயரைச் சொல்வார்கள், எடுத்துக் கொடுப்பேன், கால்குலேட்டரில் தொகையைக் காட்டுவேன். பல வருடம் இப்படியே ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒரு ரஷ்யப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்தேன். பெரிய பாக்கெட், முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறி, குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, ஆங்கிலத்தில் தட்டி, வந்த ரஷ்ய வரியைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு மேஜை மேல் இருந்த என் தண்ணீர் டம்ளரைக் காட்டி, ஒரு விரலை நீட்டினார்.

எனக்குப் பகீரென்றது. ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து, அதற்குள் பாக்கெட்டைக் கவிழ்ப்பதுபோல் செய்து காட்டி, டம்ளரைத் தள்ளி வைத்து, 'வேண்டாம் வேண்டாம்' என்று கையை ஆட்டினேன். புரிந்துகொண்டார். அன்றைக்கு பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் இரவு தூக்கம் வரவில்லை. ஒரு நாற்பது வாக்கியமாவது ரஷ்ய மொழியில் பிசகில்லாமல் சொல்லக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் இருக்கும் ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு நடக்கிறது. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு சென்னையில் போய் உட்கார முடியாது. இருந்தது கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் ஒன்றுதான். காலையில் வியாபாரம் சூடு பிடிக்கும் முன் முக்கால் மணி நேரம், இரவு ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு முக்கால் மணி நேரம். அதிலேயே படித்தேன்.

முதல் வேலை எழுத்து. ரஷ்ய மொழியில் 33 எழுத்து: உயிர் 10, மெய் 21, தனக்கென்று ஒலி இல்லாத குறிகள் 2. புது வடிவ எழுத்துகள் சீக்கிரம் மனதில் நின்றுவிட்டன. தெரிந்த முகத்தோடு வருபவைதான் ஏமாற்றும். ஆங்கில எச் போலத் தெரிவது 'ன்'. பி போலத் தெரிவது 'ர்'. சி போலத் தெரிவது 'ஸ்'. ஒய் போலத் தெரிவது 'உ'. 'ரெஸ்டாரண்ட்' என்ற பலகையை நம் கண் 'பெக்டோபா' என்று படிக்கும். இதற்குப் பத்து நாள் போனது.

அடுத்து கீபோர்டு. விண்டோஸில் மொழி அமைப்புக்குப் போய் ரஷ்ய மொழியைச் சேர்த்தால், விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி மாறிக்கொள்ளலாம். அங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று ரஷ்யர்களே பயன்படுத்தும் தட்டச்சு வரிசை. இன்னொன்று 'நெமானிக்' என்ற பெயரில் இருக்கும், ஆங்கில எழுத்தின் ஒலிப்படி ரஷ்ய எழுத்தைத் தரும் வரிசை. நமக்குத் தமிழ்99-உம் ஆங்கில ஒலிபெயர்ப்புத் தட்டச்சும் இருப்பதுபோலத்தான். ரஷ்யர்களோடு உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர் முதல் வழியைப் பழகட்டும். எனக்கு இரண்டாவது போதும் என்று தோன்றியது, இன்றுவரை அதுதான்.

பிறகு ஒரு பாட மென்பொருளை வாங்கினேன். படம் காட்டும், ஒலி கேட்கும், நாம் சொல்ல வேண்டும். பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான், பெண் தண்ணீர் குடிக்கிறாள். ஒலிப்பதிவு அருமையாக இருந்தது. ஆனால் விளக்கம் முழுக்க ஆங்கிலம். இரண்டு மாதம் அதனோடு போராடினேன். ரஷ்ய மொழியில் 'ஆம், இஸ், ஆர்' கிடையாது, 'எ, தி' கிடையாது, இந்த இடத்தில் இப்படி ஒரு விதிவிலக்கு, அந்த இடத்தில் அப்படி ஒரு விதிவிலக்கு என்று பக்கம் பக்கமாக வந்தது. வாக்கியத்தை ஆங்கிலத்தில் யோசித்து, அதை உடைத்து, ரஷ்ய மொழியில் அடுக்குவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

ஒரு ராத்திரி 'எனக்குத் தலை வலிக்கிறது' என்ற வாக்கியத்தைத் தேடினேன். 'உ மிஞா பலீத் கலவா' என்று வந்தது. சொல் சொல்லாகப் பிரித்தால்: என்னிடம், வலிக்கிறது, தலை. ஆங்கிலத்தில் 'நான் தலைவலியை வைத்திருக்கிறேன்' என்கிற மாதிரி அமையும். நாம் அப்படியா சொல்கிறோம்? ரஷ்யர்களும் சொல்வதில்லை. அந்த இடத்தில் எனக்கு ஏதோ திறந்தது. பாடத்தை முதல் பக்கத்திலிருந்து மறுபடி எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் தமிழை எழுதிப் பார்த்தேன்.

'இது என் அம்மா.' தமிழில் இதற்கு வினைச்சொல் வேண்டாம், ரஷ்ய மொழிக்கும் வேண்டாம். 'நீ' என்பதற்கு ஒரு சொல், 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல். 'எனக்குக் குளிருது', 'எனக்குப் பிடிக்கும்' இரண்டிலும் நாம் போடுகிற அதே நான்காம் வேற்றுமை. 'அவனுக்கு எத்தனை வயது?' என்பது 'ஸ்கோல்க யிமூ லேத்?'. இதில் 'யிமூ' என்றால் 'அவனுக்கு'. குழந்தைக்கு மருந்து கொடுக்கும் முன் நான் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஆங்கிலத்தின் 'ஹவ் ஓல்டு இஸ் ஹீ' வழியாகப் போனால் 'அவனுக்கு' எங்கிருந்து வந்தது என்று முழிக்க வேண்டும். தமிழிலிருந்து போனால் கேள்வியே எழாது.

இரண்டாம் வேற்றுமையில் இன்னும் ஆச்சரியம். 'வீடு பார்த்தேன்' என்று உருபு இல்லாமலே சொல்வோம். ஆனால் 'டாக்டரைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியிலும் இந்த இடத்தில் வீடு மாறாது, டாக்டருக்கு மட்டும் கடைசியில் 'ஆ' சேரும். உயிருள்ளதா இல்லையா என்பது அவர்கள் கணக்கு, நம்முடையது திணைக் கணக்கு. அதனால் பூனையும் நாயும் அவர்களிடம் டாக்டர் பக்கம் போய்விடும். எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆண்பாலில்தான் தெளிவாகத் தெரியும். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு ஆறு. வேற்றுமை என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்ட யாருக்கும் இது புது நாடு இல்லை.

வினைச்சொல்லும் அப்படித்தான். 'குடித்தான்' என்பதற்கு 'பீல்', 'குடித்துவிட்டான்' என்பதற்கு 'வீப்பில்'. மென்பொருள் இதை இரண்டு பாடம் முழுக்க விளக்கியது. நம்முடைய 'விடு' செய்கிற வேலையை அங்கே பல இடங்களில் ஒரு முன்னொட்டு செய்கிறது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ஒத்துவராது, ஆனால் நுழைவதற்கு இந்த வாசல் போதும்.

இதற்கு அப்புறம்தான் ஆன்கி என்ற இலவச மென்பொருளுக்கு வந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். 2006-இல் வந்த மென்பொருள், ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று பொருள். நாமே அட்டை செய்துகொள்ளலாம். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். சரியாகச் சொன்ன அட்டை சில நாள் கழித்து வரும், மறுபடி சரி என்றால் இன்னும் தள்ளி வரும். தவறினால் உடனே திரும்பி வரும். என் அட்டைகளில் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ரஷ்ய வரி, கூடவே ஒலி. ஒலிக்கு ஃபோர்வோ என்ற தளம் உதவியது. அங்கே அந்தந்த மொழிக்காரர்களே சொற்களைச் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 புது அட்டை என்று அது தானாகவே வைத்திருக்கும், அதை 8 ஆகக் குறைத்தேன். நடுவில் கல்யாணம், காய்ச்சல் என்று நாலு நாள் விட்டால் பழைய அட்டைகள் மலைபோல் குவிந்துவிடும். குறைவாக வைத்தால்தான் தொடர முடியும். இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

உச்சரிப்பில் தமிழ் உதவவும் செய்தது, காலை வாரவும் செய்தது. 'மிஞா' என்பதில் நம் 'ஞ' அப்படியே இருக்கிறது. வெளிநாட்டவர் மாதக்கணக்கில் தடுமாறும் உயிரெழுத்து ஒன்று உண்டு. 'அது', 'காது' என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டு, நாக்கைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தால் கிட்டத்தட்ட அந்த ஒலி வந்துவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஆங்கில எழுத்தில் 'இசட் எச்' என்று கண்டால் நமக்கு 'ழ' தான். ரஷ்ய மொழியில் சூட்டுக்கு, காய்ச்சலுக்கு ஒரு சொல் உண்டு. அதை நான் பல நாள் 'ழார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே வரவேண்டியது 'டெலிவிஷன்' நடுவில் வரும் ஒலி. சரி, ஆங்கில எழுத்தே வேண்டாம் என்று நோட்டில் தமிழில் எழுதினேன். அதுவும் சிக்கல். நம் 'த' இரண்டு ஒலிக்கும் ஒன்று, 'க' இரண்டு ஒலிக்கும் ஒன்று. மகளைக் குறிக்கும் சொல்லையும் புள்ளியைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தோச்க'. ஒன்று அதிரும் 'த', இன்னொன்று அதிராத 'த'.

இதைச் சரிசெய்தது குரல் தட்டச்சு. கூகுள் டாக்ஸில் மொழியை ரஷ்யன் என்று வைத்து, மைக்கில் பேசினால் கேட்டதை எழுதும். 'மகள்' என்று சொல்வேன், 'புள்ளி' என்று எழுதும். மறுபடி, மறுபடி. சொல்லின் முதலில் தொண்டை அதிரும்படி 'த' சொல்ல நம் நாக்குக்குப் பழக்கமில்லை, 'இந்த' என்று ஆரம்பித்து அதன் வாலை மட்டும் பிடித்துச் சொல்லிப் பழகினேன். எட்டாவது நாள் பத்துக்கு ஒன்பது தடவை 'மகள்' என்று வந்தது. ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு இதைவிடப் பொறுமையான காது கிடைக்காது.

சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது இன்னொரு தலைவலி. அச்சில் அதைக் குறிப்பதில்லை. அழுத்தம் இல்லாத 'ஓ', 'அ' மாதிரி ஒலிக்கும். எழுத்தில் 'வோதா', வாயில் 'வதா', அதாவது தண்ணீர். முதல் அசையை அழுத்தினால் கோட்டை, இரண்டாவதை அழுத்தினால் பூட்டு என்று பொருள் மாறும் சொல்லும் உண்டு. விக்‌ஷனரி என்ற இணைய அகராதியில் அழுத்தக் குறியோடு வேற்றுமை அட்டவணையும் இருக்கிறது. அங்கே பார்க்காமல் ஒரு அட்டையும் செய்வதில்லை.

எண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் என் தொழிலே எண்ணில் இருக்கிறது. ஒரு மாத்திரை 'தப்லேத்க', இரண்டு மூன்று நான்குக்கு 'தப்லேத்கி', ஐந்திலிருந்து 'தப்லேத்தக்'. போதாததற்கு மாத்திரை பெண்பால், அதனால் 'த்வே'. 'இரண்டு தடவை' என்னும்போது தடவை ஆண்பால், அதனால் 'த்வா'. இங்கே தமிழ் கைகொடுக்கவில்லை. அட்டைகளை உருட்டி உருட்டித்தான் ஏறியது.

ஏழு மாதத்தில் நாற்பது வாக்கியம் தேறியது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இதை டாக்டரிடம் காட்டுங்கள். அச்செடுத்து, கடைக்கு வரும் ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன். நம் ஊர்க்காரர், பல வருடமாக ரஷ்யர்களோடு வேலை செய்கிறவர். மருந்து விஷயத்தில் கம்ப்யூட்டர் சொன்னதை மட்டும் நம்பி நிற்கக் கூடாது என்று எனக்கு உறுதி. ஆறு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். ஓ.ஆர்.எஸ். வரியில் நான் 'பக்கேத்' என்று எழுதியிருந்தேன்.

"அண்ணாச்சி, இது கடையில சாமான் போட்டுத் தர்ற பைக்கும் சொல்றதுதான். மருந்துப் பொட்டலம்னா 'பக்கேத்திக்'னு போடுங்க" என்றார்.

அவரேதான் கையெழுத்து விஷயத்தையும் சொன்னார். கையால் எழுதும்போது ரஷ்ய எழுத்துகள் பல உருவம் மாறிவிடும். 'த்' என்பது ஆங்கில எம் போல, 'ப்' என்பது என் போல. ஊரிலிருந்து கொண்டுவரும் டாக்டர் சீட்டுகளை நான் ஏன் படிக்க முடியவில்லை என்று அப்போது புரிந்தது. இதற்கும் கம்ப்யூட்டரில் வழி கிடைத்தது. வேர்டில் ரஷ்ய வரியைத் தட்டி, டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவில் சாய்வெழுத்தாக மாற்றினால் கையெழுத்துக்கு நெருங்கிய வடிவங்கள் வந்துவிடுகின்றன. இப்போது சீட்டில் பாதியாவது படிக்கிறேன். மீதிக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம் ராத்திரி ஒன்பதரைக்கு ஒருவர் வந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் என்பது அவர் சொன்னதில் புரிந்தது. "ஸ்கோல்க யிமூ லேத்?" என்றேன். "யேய்" என்று ஆரம்பித்து, நான்கு என்றார். 'யேய்' என்றால் 'அவளுக்கு'. பெண் குழந்தை. அந்த ஒரு அசை காதில் தெளிவாக விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எடை கேட்டேன், சிரப் எடுத்தேன், அளவு மூடியில் கோட்டைக் காட்டி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று சொன்னேன், நாளைக்கும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். தப்பில்லை.

"ஸ்பசீபா" என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கு என்னிடம் அட்டை இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனதும் பில்லிங் திரையைச் சுருக்கிவிட்டுத் தேடினேன். 'விஸ்தராவ்லிவய்த்யெ'. நீளமான சொல், அழுத்தம் 'ரா'வில். ஷட்டரை இறக்கும் முன் குரல் தட்டச்சில் பதினோரு தடவை சொன்னேன். பன்னிரண்டாவது தடவைதான் திரையில் சரியாக விழுந்தது.