இரண்டு முத்திரை விழுந்தால் செல்லாத ஓட்டா?

2019 டிசம்பரில் 27, 30 என்று இரண்டு கட்டமாக நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு 2020 ஜனவரி 2ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. குமரி மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். அதில் ஒன்றின் எண்ணும் மையத்தில் எனக்கு மேஜைப் பணி. சட்டமன்றத் தேர்தலில் மெஷினில் பொத்தானை அழுத்தி எண்ணைக் குறித்துப் பழகிய டீச்சர்மார் பலருக்கு, பெட்டியைக் கவிழ்த்ததும் மூச்சே நின்றுபோனது. ஒரே பெட்டிக்குள் நாலு நிறச் சீட்டுகள்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். கிராமத்து ஆள் ஒருவர் ஒரே மூச்சில் நாலு ஓட்டு போட்டிருக்கிறார்.

முதலில் நிறம் பிரிக்க வேண்டும். அப்புறம் ஐம்பது ஐம்பதாகக் கட்டு, அதன்பின் வேட்பாளர் வாரியாகப் பிரிப்பு. இதெல்லாம் கைவேலைதான். சந்தேகச் சீட்டில்தான் நேரம் போனது.

ஒரு இளஞ்சிவப்புச் சீட்டை விரித்தேன். பூட்டு சாவிச் சின்னத்துக்கு நேரே பளிச்சென்று ஒரு முத்திரை, இரண்டு கட்டம் தள்ளி மங்கலாக இன்னொன்று. வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வேட்பாளர் ஒருவரின் முகவர், "டீச்சரே, ரெண்டு குத்து கெடக்குல்லா, செல்லாதுன்னு எடுத்து வையுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "அது மடிச்சதுல ஒட்டின மை அண்ணாச்சி."

இதற்குப் பதில் முத்திரையிலேயே இருக்கிறது. ஸ்வஸ்திக் போலச் சுழலும் அந்தக் குறியின் கைகள் ஒரு பக்கமாகத்தான் திரும்பும். மடித்ததில் ஒட்டிய மை என்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். சீட்டை நெட்டுவாக்கில் மடித்திருந்தால் மை அதே வேட்பாளரின் வரிசையிலேயே ஒட்டும். குறுக்கே மடித்தால் மேலேயோ கீழேயோ இருக்கிற இன்னொருவர் கட்டத்தில் போய் விழும். எங்கள் சீட்டில் மங்கல் குறி எதிர்ப்பக்கம்தான் திரும்பியிருந்தது. இருந்தாலும் முடிவு சொல்ல வேண்டியது நானல்ல. சீட்டைச் சந்தேகத் தட்டில் போட்டேன். தேர்தல் அலுவலர் வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகவர்களுக்கும் காட்டி, செல்லும் என்றார். முதலாமவர் முணுமுணுத்துவிட்டு கட்டஞ்சாயா குடிக்கப் போய்விட்டார்.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்களுக்கான 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 56ஆம் விதியைப் படித்தால் இதே மனப்பாங்கு தெரியும். குறியே இல்லை, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறி, போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எழுத்து, போலிச் சீட்டு, இப்படித் தள்ளுவதற்கான காரணங்கள் வரிசையாக உண்டு. ஆனால் குறி மங்கலாக இருக்கிறது, ஒருவருக்கே இரண்டு தடவை குத்தியிருக்கிறது என்பதற்காகத் தள்ளக்கூடாது. யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால் போதும். வாக்குச்சாவடி அலுவலர் சீட்டில் போட வேண்டிய அதிகாரபூர்வக் குறி அவர் மறந்ததால் விடுபட்டிருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காக ஓட்டைக் கழிக்க வேண்டாம் என்கிறது. ஊழியர் மறதிக்கு வாக்காளரைத் தண்டிப்பானேன்?

விதி ஓட்டைக் காப்பாற்றப் பார்க்கிறது. களைத்துப்போன கை கழிக்கப் பார்க்கிறது. ராத்திரி ஆக ஆக இந்தச் சண்டை முற்றும். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிற ஆசையில், லேசாகக் கறை பட்ட சீட்டெல்லாம் 'செல்லாதது' ஆகத் தொடங்கும். ஊராட்சி வார்டில் மொத்த ஓட்டே சில நூறுதான். அங்கே நாலு சீட்டு தவறான தட்டுக்குப் போனால் ஜெயித்தவரே மாறிவிடலாம்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்குத் திரையில் படம் காட்டினார்கள். சரி, காட்டட்டும். ஆனால் அதைவிட, ஆளுக்குப் பத்து மாதிரிச் சீட்டு கொடுத்து, ஈர மையில் குத்தி, குறுக்கே மடித்து, பிரித்துப் பார்க்கச் சொன்னால் அரைமணி நேரத்தில் விளங்கிவிடும். முகவர்களையும் கூடவே உட்கார வைக்கலாம். மேஜைக்கு மேஜை பாதிச் சண்டை குறையும்.