மகாபொலவுக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளுக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த மகிழ்ச்சியில் மகாபொல, பர்சரி ஆகிய பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகைகளுக்கான வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்ப முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சம்பளச் சீட்டு தோட்டக் காரியாலயத்தில். வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரை அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளில்தான் பிடிக்கலாம். அதன்பின் பிரதேச செயலகத்தின் மேலொப்பம். ஒவ்வோர் அலைச்சலுக்கும் அம்மாவின் ஒரு நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்சம்பளம், போகிறது; அதுதான் எனக்கு ஆறவில்லை.

லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) முகவரிக்குக் கடிதம் சுற்றித்தான் வரும். எங்கள் டிவிஷனில் ஒரு தங்கைக்குத் திகதி முடிந்த பிறகே கடிதம் கிடைத்தது. உறையில் தபால் முத்திரை மட்டும் நேரத்துக்கு விழுந்திருந்தது. ஆகவே, அறிவித்தல்களை இணையத்திலும் நீங்களே பாருங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மகாபொல 1981இல் தொடங்கிய உதவி, நமக்கும் உரியது. படிவத்தில் சந்தேகம் என்றால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஞாயிறுகளில் ஹட்டனில் நேரிலும் சந்திக்கலாம்.