பின் வலது சக்கரம்

ஜூன் 3

காரின் பிரேக் டிஸ்க்கை மாற்ற வேண்டும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியாயிற்று, நட் எல்லாம் கழன்றுவிட்டது. சக்கரம் மட்டும் வரவில்லை. இழுத்தால் கையோடு வந்துவிட வேண்டியது, ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் இரும்புக் குடத்தை, பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது. அலாய் வீல், அலுமினியம். அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிபடுவது அலுமினியம்தான். நடு ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி, அதற்கும் உள்ளே பழுப்பு. வண்டி நின்ற காலம் முழுக்க அங்கே இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

மாமாவுக்கு போன் போட்டேன். "ஸ்டாண்டுல நிக்கிற வண்டியை உதைக்காதேம்மா. நட்டை ரெண்டு சுத்து மாட்டி லூஸா விடு. வண்டியைக் கீழ இறக்கி ஆட்டு. வண்டி எடையே வேலையைப் பார்த்துக்கும்." நட்டை மாட்டாமல் செய்தால், விடும்போது சக்கரம் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. அப்படியே செய்தேன். பக்கவாட்டில் தோள் கொடுத்துத் தள்ளித் தள்ளி, பொழுது சாயும் நேரத்தில் உள்ளே ஏதோ விட்டது. மறுபடி ஜாக்கி, மறுபடி ஸ்டாண்ட், சக்கரம் கையில்.

இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை.

ஜூன் 4

ராத்திரி எழுந்து போய் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நிற்கிறது.

ஜூன் 6

டிஸ்க்கை, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டை, பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகுகள். இவை எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. சக்கரத்தை மாட்டி நட்டை இறுக்கியபின் டிஸ்க் எங்கே ஓடிவிடப் போகிறது? தொழிற்சாலையில் வண்டி கட்டும்போது டிஸ்க் விழாமல் இருக்கப் போட்டதாம். அவர்கள் வசதிக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பிளஸ் தலை. திருப்புளியை எவ்வளவு அழுத்தினாலும், விசை கூடக் கூட முனை மேலே ஏறி வழுக்கும். நாலு முறை வழுக்கினால் பள்ளம் மழுங்கிவிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது. அதனால் ஆரம்பத்திலேயே இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால் அதன் பின்தலையில் அடித்தால் அடி உள்ளே போகும், அதே கணத்தில் முனையும் கொஞ்சம் திரும்பும். அழுத்தமும் திருப்பலும் ஒன்றாக விழுவதால் வழுக்க நேரமே இல்லை. அடியின் அதிர்ச்சியில் துருவும் விரிசல் விடும். திருப்பும் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டும் வந்துவிட்டன! சந்தோஷத்தில் அப்பாவிடம் போனில் சொல்லிவிடப் பார்த்தேன். "ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

ஜூன் 8

டிஸ்க்கை இரண்டு பக்கமும் நெரிக்கும் காலிப்பர் கழன்றது. கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பிரேக் ஆயில் வரும் ஓஸில் தொங்கக் கூடாது, அதன் எடைக்கு ரப்பர் உள்ளேயே கிழியும். அடுத்தது காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட். மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். கீழ்ப் போல்ட்டின் தலையில் மூலைகள் பாதி மழுங்கியிருக்கின்றன. முன்பு யாரோ பன்னிரண்டு மூலை சாக்கெட் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். அது மூலையில் மட்டும் பிடிக்கும். ஆறு மூலை சாக்கெட்தான் பக்கங்களில் உட்காரும். துருப்பிடித்த தலை ஏற்கனவே கொஞ்சம் இளைத்திருக்கும், அதில் போய் பன்னிரண்டு மூலை.

கம்பி பிரஷால் தேய்த்து, துருவுக்குள் இறங்கும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, சுத்தியலால் தலையில் சின்னச் சின்ன அடி. அடித்தால்தான் எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். வீட்டில் இருந்த டபிள்யூ டி-40 டின்னை எடுக்கவில்லை. அது 1953-இல் ராக்கெட்டின் உடம்பில் ஈரம் தங்காமல் இருக்கச் செய்த சரக்கு. ஈரத்தை விரட்டும், நல்லதுதான். இறுகிப்போன மறைக்குள், அதாவது போல்ட்டின் திருகு வரிகளுக்குள், இறங்குவது அதன் முதல் வேலை இல்லை. மாமா அசிட்டோனையும் ஆட்டோமேடிக் கியர் ஆயிலையும் பாதிக்குப் பாதி கலந்து விடச் சொல்கிறார். வேலை செய்யும் என்பது தெரியும். ஆனால் பிறகு சூடு காட்ட நெருப்பு டார்ச் எடுக்க வேண்டி வந்தால் அசிட்டோன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அக்கா: "ஏன்டி, முப்பதாம் தேதிக்குள்ள வண்டியை எடுத்துடுவியா? அவங்க வீட்டுச் சாவி கேட்கிறாங்க."

ஜூன் 9

எண்ணெய். அடி. அசையவில்லை.

ஜூன் 10

தூக்கம் வரவில்லை, இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு போல்ட் ஏன் இப்படிப் பிடிக்கிறது? இரும்பு துருவானால், தான் இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத இடம் கேட்கும். போல்ட்டின் மறைக்கும் ஓட்டையின் மறைக்கும் நடுவில் இருப்பதோ மயிரிழை இடைவெளி. துரு அங்கே வளர்ந்து இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிறது. இறுக்கியவர் கொடுத்த விசை ஒன்று, அதற்குமேல் துரு கொடுத்தது இன்னொன்று. வருஷக்கணக்கில் யாரும் தொடாமலே அது இன்னும் இறுகியிருக்கிறது.

சூடு காட்டினால்? இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். 10 மில்லிமீட்டர் போல்ட் இருக்கும் ஓட்டையை 200 டிகிரி சூடாக்கினால் அது 0.024 மில்லிமீட்டர் அகலும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, ஒரு தாளின் தடிமனில் கால்வாசி. ஆனால் துருவை உடைக்க அது போதும். சூட்டை வெளியே இருக்கும் துண்டுக்குக் காட்ட வேண்டும், போல்ட்டுக்கு அல்ல. போல்ட் சூடானால் அதுவும் சேர்ந்து பருக்கும்.

இங்கேதான் சிக்கல். ஒரு சாண் தூரத்தில் பிரேக் ஓஸ், காலிப்பர் சறுக்கும் பின்னின் ரப்பர் உறை, பக்கத்தில் சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சாரின் ஒயர். மேலும் காலையில் அந்த இடம் முழுக்க பிரேக் கிளீனர் அடித்திருக்கிறேன். டின்னைத் திருப்பிப் படித்தேன், குளோரின் இல்லாத வகை. குளோரின் சேர்ந்தது என்றால் தீயில் பாஸ்ஜீன் வாயுவாகும்; முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. நம்முடையது அது இல்லை, ஆனாலும் நன்றாகக் காயாமல் நெருப்பு கிடையாது.

அப்பா இன்று கேட்கவில்லை. தூங்கிவிட்டாராம்.

ஸ்டாண்ட் நிற்கிறது.

ஜூன் 11

வண்டிப் பக்கம் போகவில்லை. நாள் முழுக்க பெட்டிகள், கையெழுத்துகள். அக்கா மறுபடி சாவி.

ஜூன் 13

மேல் போல்ட் விட்டது. கீழ்ப் போல்ட் உடைந்தது.

இரண்டையும் ஒரே கையால், ஒரே நீளக் கைப்பிடியால்தான் திருப்பினேன். எழுதி வைக்க வேண்டும், மறந்துவிடும். மேலே உள்ளதில், முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் திருப்பினேன். அப்புறம் கழற்றும் பக்கம். கை அழுத்த அழுத்த எதிர்ப்பும் கூடிக்கொண்டே வந்தது, கைப்பிடி வளைந்தது, திடீரென்று "டக்!" பல்லில் படும் சத்தம். கால் சுற்று வந்தபின் நிறுத்தி, எண்ணெய் விட்டு, பின்னால் கால் சுற்று, முன்னால் அரைச் சுற்று. அப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துருத்தூள் வெளியே வந்துவிடும். ஒரே மூச்சில் கழற்றினால் தூள் மறையில் அடைந்து பாதி வழியில் மறுபடி பிடிக்கும்.

கீழே உள்ளதிலும் எதிர்ப்பு கூடிக்கொண்டுதான் வந்தது. ஒரு இடத்தில் கூடுவது நின்றுவிட்டது. கைப்பிடி மட்டும் மெதுவாக, மெத்தென்று நகர்ந்தது. சத்தமே இல்லை. அது கழல்வது இல்லை. போல்ட் உள்ளே முறுக்கிக்கொண்டு நீள்கிறது. அது தெரிந்து கையை எடுப்பதற்குள் தலை சாக்கெட்டோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தில் விளிம்பு முழுக்கப் பழுப்பு, நடுவில் கொஞ்சம் மட்டும் பளபளப்பு. அந்தக் கொஞ்சம்தான் இத்தனை நாள் தாங்கியிருக்கிறது. எவ்வளவு எண்ணெய் விட்டிருந்தாலும் இது இப்படித்தான் போயிருக்கும்.

டக் என்றால் விடுகிறது, மெத்தென்றால் போகிறது. கை இனி மறக்காது.

ஜூன் 14

யோசித்துப் பார்த்தால் உடைந்ததும் வசதிதான். தலை போனதால் பிராக்கெட் தனியாக வந்துவிட்டது, துண்டு அதன் மறைக்குள். பின்னையும் ரப்பரையும் கழற்றிவிட்டு வைஸில் பிடித்தேன். இப்போது சூடு காட்ட பயமில்லை, எரிய ஒன்றும் இல்லை.

உடைந்த துண்டைப் பிடித்துக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர் வேண்டவே வேண்டாம் என்கிறார் மாமா. நானும் அந்தக் கட்சிதான். கடினமான எஃகு, அதனால் நொறுங்கும் குணம். துண்டுக்குள் அது உடைந்தால் அப்புறம் சாதாரண டிரில் பிட் எதுவும் அதைத் தின்னாது. இடது சுற்று டிரில் பிட் கடன் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூன் 16

உடைந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, டிரில் நுனி உட்காரப் புள்ளி போடும் சென்டர் பஞ்ச். நடுவில் இல்லை என்று தோன்றியது, பஞ்சைச் சாய்த்து அடித்துப் புள்ளியை நகர்த்தினேன். இதில் அவசரப்பட்டால் டிரில் மறையைத் தின்றுவிடும். சிறிய பிட்டில் வழி போட்டு, பிராக்கெட்டைச் சுற்றிச் சூடு. சிவக்கும் அளவுக்கு வேண்டாம். ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது, கண்ணால் பார்க்கலாம். பிறகு இடது பிட், மெதுவான வேகம். கழலும் பக்கமாகவே சுற்றிக் குடைவதால் பிடிப்பு குறைந்ததும் துண்டும் கூடவே சுற்றியது. பிட்டின் நுனியில் ஏறிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

கத்தினேன். வீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை.

ஜூன் 17

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கீழ் போல்ட்டா? அது எப்பவுமே தகராறுதான்" என்றார். சொல்லியிருக்கலாமே, அப்பா!

ஜூன் 18

சுத்தம் செய்யும் நாள். மறைக்கு, மறை வெட்டும் கருவியான டேப் போடவில்லை, அது இரும்பையும் சேர்த்து வெட்டும். அதே அளவு பழைய போல்ட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டுப் போட்டு, அதை உள்ளே விட்டுச் சுற்றினால் அழுக்கு அந்தப் பள்ளத்தில் சேர்ந்துவிடும். புதுப் போல்ட் இரண்டு, தலையில் 10.9 என்று வலிமைக் குறி பொறித்தது, பழையதில் இருந்த அதே எண். ஹப்பின் முகத்தில் ஆன்ட்டி-சீஸ், மறுபடி இறுகிப் பிடிக்காமல் இருக்கும் பசை, மெல்லியதாகப் பூசியிருக்கிறேன். நட் ஏறும் சக்கர ஸ்டட்டில் பூசவில்லை. உராய்வு குறைந்தால் இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் அதே அளவு வைத்தாலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும்.

அக்காவிடம் முப்பது என்றே சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 20

மழை. ஸ்டாண்டின் கீழ் மண் இளகுகிறதா என்று பார்த்தேன். பலகை போட்டிருக்கிறேன், இளகவில்லை.

ஜூன் 21

புது டிஸ்க் உட்கார்ந்தது, பிராக்கெட் உட்கார்ந்தது, பிரேக் பேட் மாட்டியாயிற்று. பிரேக் ஆயிலை மாற்றிக் காற்றை எடுக்க வேண்டும். காற்றை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிள் அசைய மறுக்கிறது. உள்ளே ஓட்டையாக இருப்பதால் சும்மா முறுக்கினாலே பிய்ந்துவிடும் சாமான். அந்த ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் தண்டைச் செருகிவிட்டுத் திருப்பினால் நசுங்காது. எண்ணெய் விட்டிருக்கிறேன். ஆறு மூலை சாக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் மாமா வருகிறார், பெடலை மிதிக்க ஆள் வேண்டும்.