பதினோராம் பக்கம்

7 அக்டோபர் 2024, திங்கள்

எங்கள் இரும்பு வார்ப்பாலையில் (பவுண்டரி) என்னைப் பற்றி எடுத்த 360 டிகிரி மதிப்பீட்டு அறிக்கை இன்று மாலை வந்து சேர்ந்தது. மேலதிகாரிகள் இருவர், மற்றத் துறைத் தலைவர்கள் மூவர், எனக்குக் கீழே பணிபுரிவோர் ஏழு பேர் என மொத்தம் 12 பேர், பெயரைக் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார்கள். 'பிறர் சொல்வதைக் கேட்டல்' என்ற தலைப்பில் எனக்கு நானே ஐந்துக்கு 4.5 போட்டுக்கொண்டிருந்தேன், எனக்குக் கீழே இருப்பவர்கள் அளித்த சராசரி 2.4. எண்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பதினோராம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: "மேடம் கேள்வி கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பார், நாங்கள் அதைச் சொல்லும்வரை விடமாட்டார்."

ராஜினாமா கொடுத்திருக்கும் தம்பியின் கடைசி நாளான 30-ஆம் தேதிக்கு இன்னும் 23 நாட்கள் இருக்கின்றன.

8 அக்டோபர், செவ்வாய்

அறிக்கையில் பாராட்டி எழுதப்பட்ட பக்கங்களும் இருக்கின்றன என்று கணவர் எடுத்துக் காட்டினார். பதினோராம் பக்கத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

9 அக்டோபர், புதன்

எனக்கு மேலாண்மைப் பயிற்சி தரும் பயிற்றுநரின் ரேஸ் கோர்ஸ் பகுதி அறையில் மூன்றாவது அமர்வு நடந்தது. அந்த வரியை எழுதியிருக்கக்கூடிய நான்கு பேரின் பெயர்களைத் தாளில் குறித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அந்தத் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "எழுதியவர் யாரென்று தெரிந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நன்றி சொல்வேன் என்று வாய் வரை வந்தது. அது பொய் என்பதால் சொல்லவில்லை. நீண்ட நேரம் கழித்து, "அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கம் கொடுப்பேன்" என்றேன். அதைச் சொல்லி முடித்தபோது அந்த வரி என்னைப் பற்றியதுதான் என்பது எனக்கே விளங்கிவிட்டது.

பிறகு அவர் நான்கு கட்டங்கள் வரைந்தார். ஜோசஃப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் 1955-இல் வகுத்த 'ஜோஹாரி சாளரம்' அது. இருவரின் முதற்பெயர்களையும் சேர்த்து வைத்த பெயராம். நான் இத்தனை நாளும் வடநாட்டுப் பெயர் என்றே எண்ணியிருந்தேன். என்னைப் பற்றிப் பிறருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருப்பது ஒரு கட்டம். பதினோராம் பக்கம் அந்தக் கட்டத்திலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டுப்பாடம்: காலைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது.

14 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து இன்று உலை மூட்டினோம். கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெள்ளிக்கிழமை இட்ட சந்தனம் காய்ந்து உதிரத் தொடங்கியிருக்கிறது. கூட்டத்தில், "இந்த வாரம் எங்கே சிக்கல் வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். நான்குக்கு மேல் போக முடியவில்லை. அந்த மௌனத்தில் எல்லோரும் என் திறமையை எடைபோடுவதாகத் தோன்றியது. நானே பதிலைச் சொல்லிவிட்டேன், அவர்களும் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டார்கள். 14 ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டுத் துறையில், பதில் தெரிந்திருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் நான். அதை எங்கே கழற்றி வைப்பது?

15 அக்டோபர், செவ்வாய்

நேற்று மாலை தொடங்கிய மழை இரவு முழுவதும் விடவில்லை.

16 அக்டோபர், புதன்

நேற்று ஊற்றிய 410 பம்பு கேசிங்குகளில் (பம்பின் வெளிக்கூடு) 62 கழிந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே குறை, ப்ளோ ஹோல். இரும்பை ஊற்றும் அச்சின் மணலில் ஈரம் மிகுந்தால், 1,350 டிகிரிக்கு மேலான இரும்பு உள்ளே விழுந்ததும் அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள்ளேயே குமிழாகத் தங்கிவிடும். இது முதல் ஆண்டு மாணவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஷிஃப்ட் தொடக்கத்தில் எடுத்த ஈரப்பதக் கணக்கு சரியாகவே பதிவாகியிருந்தது.

மணல் அச்சு செய்யும் மோல்டிங் பிரிவில் 31 ஆண்டுகளாக இருக்கும் பெரியவரிடம் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் குவியலில் கைவிட்டு ஒரு பிடி மணலை எடுத்து இறுக்கினார். கையை விரித்தபோது விரல் தடம் நான்கும் கட்டியில் பதிந்திருந்தன. உள்ளங்கை ரேகைகளில் கரிய ஈரம் ஒட்டியிருந்தது. கட்டியை இரண்டாகப் பிட்டார்; முறியாமல் வளைந்து இழுபட்டது. பிறகு மறுபக்கத்து மேடையிலிருந்து இன்னொரு பிடி எடுத்து இறுக்கிப் பிட்டார். அது கருப்பட்டியை உடைத்ததுபோல விளிம்பு கூர்மையாகத் தெறித்தது. கையில் ஒன்றும் ஒட்டவில்லை. முற்றத்தில் கிடந்த புதுமணலின் மீது மூடியிருந்த தார்ப்பாய் இரவுக் காற்றில் விலகியிருக்கிறது. மாதிரி எடுத்த பிறகுதான் அந்த மணலைக் கலந்திருக்கிறார்கள்.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டு, இம்முறை என்னையறியாமல் காத்திருந்தேன்.

"போன மழைக்குச் சொன்னனுங்க அம்மணி. மீட்டர் சரியாத்தான் காட்டுதுன்னு சொல்லிப்போட்டீங்க."

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் இந்த நேரம்வரை என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. 62 கேசிங்குகளை உருக்கி மறுபடியும் ஊற்றிவிடலாம். போன மழை பெய்த ஜூன் மாதத்திலிருந்து இந்த மனிதர் தன் உள்ளங்கைக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை எந்த உலையில் போடுவது?

18 அக்டோபர், வெள்ளி

இன்னும் 12 நாட்கள். அந்தத் தம்பி இன்றும் உணவறையில் என் மேசையைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்.

19 அக்டோபர், சனி

பயிற்றுநரோடு இன்று வாதாடினேன். கேள்வி கேட்டே ஒரு பவுண்டரியை நடத்திவிட முடியாது, லேடிலில், அதாவது உருகிய இரும்பை ஏந்தி ஊற்றும் கலத்தில், இரும்பு நொடிக்கு நொடி சூடு தணிந்துகொண்டிருக்கும்போது "உங்கள் கருத்து என்ன?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. ஊற்றும் நேரத்தில் கட்டளைதான் இட வேண்டும், ஆனால் ஒரு நாளில் அப்படிப்பட்ட நிமிடங்கள் எத்தனை என்று கேட்டார். மூன்று உலைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டேன்; இரண்டு மணி நேரம்கூடத் தேறவில்லை. மீதி நேரம் முழுவதும் நான் லேடிலின் அருகே நிற்பவளைப் போலவே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தப் பயிற்சி முறையின் வேர் டென்னிஸ் மைதானத்தில் இருப்பதாகச் சொன்னார். திமோதி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1974-இல் எழுதியது: "பந்தைப் பார்" என்று அதட்டுவதற்குப் பதிலாக, பந்து தரையில் படும்போது 'பவுன்ஸ்' என்றும் மட்டையில் படும்போது 'ஹிட்' என்றும் ஆடுபவரையே வாய்விட்டுச் சொல்லவைத்தாராம், கவனம் தானாக வந்துவிடும். 1965-இல் ஐரோப்பிய டூரிங் கார் பந்தயப் பட்டம் வென்ற ஜான் விட்மோர் பிற்பாடு அந்த வழியைப் பிரிட்டனின் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். இலக்கு, இன்றைய நிலை, இருக்கும் வழிகள், செய்யும் உறுதி என்ற நான்கு படிகளை அவர்தான் பரப்பினார். நான் எப்போதும் இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறேன். இன்றைய நிலை எனக்கு முன்பே தெரியும் என்ற நினைப்புதான் அதற்குக் காரணம்.

21 அக்டோபர், திங்கள்

ஒன்பது வரை எண்ணினேன். வார்ப்புக்குள் வெற்றிடம் விடுவதற்கான மணல் உருக்களை (கோர்) செய்யும் கோர் ஷாப்பில் ஏழு மாதமாக வேலை செய்யும், இதுவரை கூட்டத்தில் வாயே திறக்காத பெண், அடுப்பின் கீழ்த்தட்டில் வைக்கும் கோர்கள் சரியாகக் காய்வதில்லை என்று மெல்லிய குரலில் சொன்னாள். போய்ப் பார்த்தோம். அவள் சொன்னது முற்றிலும் சரி. இன்று முழுவதும் மனம் அவ்வளவு இலேசாக இருந்தது.

23 அக்டோபர், புதன்

சென்ற வாரம் முழுவதற்கும் வந்த குறைபாட்டுக் குறிப்புகள் 9. இந்த வாரம் மூன்று நாட்களிலேயே 14. ஆலைத் தலைவர், "உங்கள் பிரிவு மோசமாகிக்கொண்டு வருகிறதா?" என்று கேட்டார். ஆமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் கண்டதை அவரிடம் சொன்னேன். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகள் மிகுதி என்பதைவிட, அவற்றை அச்சமின்றிச் சொல்ல முடிந்தது என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. அவர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கே உள்ளூரப் பயமாக இருக்கிறது.

26 அக்டோபர், சனி

எல்லாம் வீண். ஒப்பந்தத் தொழிலாளர்களின் மேற்பார்வையாளர் தீபாவளி போனஸ் பற்றிப் பேசத் தொடங்கியதுமே, பத்துப் பேர் எதிரில் குறுக்கே பேசி அவரை அடக்கிவிட்டேன். என் குரல் எனக்கே பழக்கமான அந்தப் பழைய குரலாக இருந்தது. தூரத்தில் நின்ற பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலையில் மேற்பார்வையாளரைத் தேடிப் போனேன், கிளம்பிவிட்டிருந்தார்.

27 அக்டோபர், ஞாயிறு

நான்கு நாட்கள் என்று நேற்று எழுத மறந்துவிட்டேன். இன்று மூன்று.

29 அக்டோபர், செவ்வாய்

நாளை அந்தத் தம்பியின் கடைசி நாள். தலைக்கவசத்தையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்க இன்றே என் அறைக்கு வந்தார். ராஜினாமாவைத் திரும்பப் பெறச் சொல்லக் கூடாது, பதினோராம் பக்கத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று உறுதி செய்துகொண்டிருந்தேன். "என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன். எண்ணத் தொடங்கினேன். ஏழில் அவர் தலைக்கவசத்தை மேசைமீது வைத்தார். "மூன்று இருக்கிறது மேடம்" என்று சொல்லி நாற்காலியைப் பார்த்தார். உட்காரச் சொன்னேன்.

முதலாவது மே மாதத்தில் நடந்தது. உலையின் உட்புறப் பூச்சான லைனிங்கின் தடிமனை ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னும் பதிவு செய்ய, அவர் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொண்டுவந்து விரித்துக் காட்டியிருக்கிறார். நான் வேறு ஏதோ பேசிக்கொண்டே அந்த நோட்டை என் கையாலேயே மூடியிருக்கிறேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அவருக்கு எந்தக் கை என்பதுவரை நினைவிருக்கிறது. மற்ற இரண்டையும் நாளை எழுதுகிறேன்.