ஊர்ப்பேர் போட்ட கூடைப்பந்து ஜெர்சி: எழுத்திலிருந்து தொடங்குங்கள்

ஜெர்சி பிராண்ட் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகத் துணி பார்க்கத் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். துணி அப்புறம். நெஞ்சில் என்ன பேர், எந்த எழுத்தில், எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் என்பது முடிவான பிறகுதான் துணியின் எடை, கைக்குழி வெட்டு, மெஷின் எல்லாமே முடிவாகும். பாலக்காட்டு எல்லைப்பக்கத்து ஊர்களான கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் ஜெர்சியில் தமிழும் வரும், மலையாளமும் வரும். இரண்டும் ட்வில் (சாய்வரி நெசவுள்ள கெட்டித்துணி) துணியில் எளிதாக உட்காரும் எழுத்துகள் அல்ல.

இங்கே பேசுவது பிரிண்ட் ஜெர்சி பற்றி அல்ல. பாலியெஸ்டர் ட்வில்லில் எழுத்தை வெட்டி, மெஷ் (சிறு துளைகள் உள்ள ஜெர்சித் துணி) மேல் ஒட்டி, ஓரம் சுற்றி ஜிக்ஜாக் தையல் போடும் முறை. பெயர் டேக்கிள் ட்வில். கையில் எடுத்தால் கனம் தெரியும், விரல் வைத்தால் மேடு தெரியும். சின்ன பிராண்ட் ஒன்று பெரிய கம்பெனியோடு விலையில் மோத முடியாது. ஆனால் நம் ஊர்ப்பேரை நம் எழுத்தில் ஒழுங்காக வெட்டித் தைக்கிற வேலையைப் பெரிய கம்பெனி செய்யப்போவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஜிக்ஜாக்கின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். எழுத்தின் ஒரு கோடு 6 மில்லி அகலம் என்றால், இரண்டு ஓரத்திலும் தையல் ஏறியதும் ட்வில்லே கண்ணுக்குத் தெரியாது, வெறும் நூல்தான் தெரியும். கோடு 10 மில்லி இருந்தால் நடுவே 4 மில்லி ட்வில் தெரியும். அதுதான் குறைந்தபட்சம். கோடு 10 மில்லி என்றால் எழுத்தின் உயரம் ஆறரை சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் எழுத்து அமுங்கிப்போய் வாசிக்க வராது. எல் சைஸ் ஜெர்சியில் பேர் வரும் மட்டத்தில் இரண்டு கைக்குழிக்கும் நடுவே கிடைப்பது 32 முதல் 34 சென்டிமீட்டர்.

இப்போது ‘பாலக்காடு’ என்று எழுதிப் பாருங்கள். படிக்க ஐந்து எழுத்து, வெட்டுவதற்கு ஏழு உருவம்: இரண்டு கால் தனியாக நிற்கும், ‘டு’ வால் பிடித்து அகலமாகும். ஆறரை சென்டிமீட்டர் உயரத்தில் இது 34க்குள் இழுத்துப்பிடித்து அடங்கும். ‘கொழிஞ்சாம்பாறை’ அடங்கவே அடங்காது. அதைச் சுருக்கி ஒரே வரியில் திணித்தால் கோடு 5 மில்லிக்கு இறங்கி எல்லாம் நூலாகிவிடும். இரண்டு வரியாக உடையுங்கள், அல்லது பேரை முதுகுக்குக் கொண்டுபோங்கள், அங்கே இடம் அதிகம். சைஸுக்கு சைஸ் எழுத்தையும் மாற்றியாக வேண்டும். எஸ், எம் இரண்டுக்கும் 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பேர், எல்லும் எக்ஸ்எல்லும் 34ல் ஒரு பேர் என்று இரண்டு வெட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவை எல்லாவற்றிலும் ஒட்டினால் எஸ் சைஸில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் கைக்குழிப் பட்டியின் மேல் ஏறிக்கொள்ளும்.

தமிழில் தனியாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது புள்ளி. தனித்துண்டாக வெட்டிய புள்ளி துவைக்கத் துவைக்க முதலில் கழன்று விழுவது. விழுந்தால் ‘க்’ ‘க’வாகிவிடும், ஊர்ப்பேரே மாறிப்போகும். புள்ளியை 10 மில்லி விட்டத்துக்குக் குறையாமல் வெட்டி, கீழ் அடுக்கை (எழுத்தைச் சுற்றி ஓரமாகத் தெரியும் அடி ட்வில்லை) எழுத்துக்கு எழுத்து பிரிக்காமல் முழுப்பேருக்கும் ஒரே துண்டாக வெட்டுங்கள். மேல் அடுக்கைவிடக் கீழ் அடுக்கு சுற்றிலும் 4 மில்லி பெரிதாக இருக்கும், அதனால் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளும் புள்ளியும் அதில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பேர் முழுவதும் ஒரே பலகை மாதிரி நிற்கும், புள்ளி எங்கும் போகாது. வேலையும் பாதி மிச்சம்.

இரண்டாவது, காலும் ‘ர’வும். கட்டை எழுத்தில் (தடித்த நேர்க்கோட்டு எழுத்தில்) இரண்டும் ஒரே உருவமாகிவிடும். ‘ர’வின் அடியில் சாய்ந்த வாலை வெட்டாமல் விட்டுவிட்டால் ‘வாளையார்’ என்பதை வாசிப்பவர் தடுமாறுவார். மூன்றாவது, சுழி. ‘ண’, ‘ழ’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளி 5 மில்லிக்குக் கீழே போனால் இரு பக்கத் தையலும் சேர்ந்து அடைத்துவிடும். வெளிநாட்டுக் கல்லூரி ஜெர்சிகளின் மூலை சீவிய கட்டை எழுத்து ‘ப’, ‘ட’, ‘ம’, ‘ய’வுக்கு அழகாகப் பொருந்தும். சுழியுள்ள எழுத்துகளில் வட்டத்தை எண்கோணமாக மாற்றினால்தான் குடும்பம் சேரும்.

மலையாளம் இதற்கு நேர் எதிர். கிட்டத்தட்ட எல்லாமே வட்டம், மூலை சீவினால் எழுத்து செத்துவிடும். ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு வெளியிட்ட மஞ்சரி எழுத்துரு உருண்ட முனைகளோடு இருப்பதால் ட்வில் வெட்டத் தோதானது, திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. தமிழுக்கு பலூ தம்பியும் அப்படித்தான். ஒரே ஜெர்சியில் இரண்டு எழுத்தும் வந்தால் உயரத்தைச் சமப்படுத்தாதீர்கள், கோட்டின் தடிமனைச் சமப்படுத்துங்கள். கண்ணுக்கு ஜோடி சேரும்.

எழுத்துருவை வெட்டும் மெஷினுக்கு அனுப்புமுன் வெறும் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பாகங்களை ஒன்றாக இணைக்க வேண்டும். கொம்பும் எழுத்தும் தொடும் இடத்தில் இணைக்காமல் விட்டால் பிளேடு எழுத்தின் நடுவே ஒரு கோடு போட்டுவிடும். பழைய டிடிபி கடைகளில் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த கோப்பு வேறு கணினியில் திறந்ததும் குழம்பிவிடும், ஆகவே கோட்டுருவமாகவே கேட்டு வாங்குங்கள். ட்வில்லை லேசரில் வெட்டினால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிசிறு வராது. கத்திரியில் வெட்டினால் பிசிறு ஜிக்ஜாக்கைத் தாண்டி எட்டிப்பார்க்கும்.

இனி துணி. விளையாடவும் வெளியே போட்டுக்கொள்ளவும் ஒரே ஜெர்சி வேண்டும் என்றால் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பாலியெஸ்டர் மெஷ் சரியாக இருக்கும். 140ல் ட்வில்லின் கனம் தாங்காமல் நெஞ்சுப்பகுதி முன்னால் தொங்கும். பின்னல் துணி கிலோக் கணக்கில் விற்கும், மீட்டராக மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்: 60 இன்ச் அகலம், 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு கிலோவில் சுமார் 3.6 மீட்டர். எல் சைஸுக்கு முன்பாகம், பின்பாகம் இரண்டும் அகலவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும், நீளம் 85 சென்டிமீட்டர் போகும். ஆக கிலோவுக்கு நாலு ஜெர்சி. கழுத்துக்கும் கைக்குழிக்கும் வைக்கும் ரிப் (இழுபடும் பட்டித்துணி) தனி.

ரோலை வந்த அன்றே வெட்டாதீர்கள். பிரித்து, மேஜை மேல் தளர்வாக ஒரு நாள் போட்டு வையுங்கள். இழுத்துச் சுற்றிய துணி தானாகச் சுருங்கும், வெட்டின பிறகு சுருங்கினால் முன்பாகமும் பின்பாகமும் நீளம் சேராது. பளபளப்புத் துணி என்றால் எல்லாப் பாகமும் ஒரே திசையில் வெட்ட வேண்டும். ஒன்று தலைகீழாகப் போனாலும் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரியும்.

பக்கத்தையல் போடுமுன்பே எழுத்து ஏற வேண்டும், பாகம் தட்டையாக இருக்கும்போது. மெஷ் இழுபடும் துணி, ட்வில் இழுபடாது. சுருக்கம் எல்லாம் இந்தச் சண்டையிலிருந்துதான் வருகிறது. பாகத்தின் பின்புறம் வெட்டி எடுக்கக்கூடிய பேக்கிங் பேப்பர் (தைக்கும்போது துணியைப் பின்னால் தாங்கும் தாள்) வையுங்கள், எழுத்தைவிடச் சுற்றிலும் 3 சென்டிமீட்டர் பெரிதாக. கிழித்து எடுக்கும் வகை வேண்டாம், தையல் ஓட்டை வரிசையில் மெஷ்ஷையும் சேர்த்துக் கிழிக்கும். அழுத்தக் கட்டையின் அழுத்தத்தைக் குறைத்து, மேல்நூல் இறுக்கத்தையும் தளர்த்துங்கள். ஜிக்ஜாக் அகலம் 3, தையலுக்கும் தையலுக்கும் இடைவெளி அரை மில்லி. சிங்கர் 20யு மாதிரி மெஷின் நம் பக்கத்து எம்ப்ராய்டரி கடைகளில் சாதாரணம், அதுவே போதும். மெஷ் மட்டும் தைக்க 11ஆம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி, இரண்டடுக்கு ட்வில் ஏறும்போது 14. வெளி வளைவில் ஊசி எழுத்தின் வெளிப்பக்கம் இறங்கியிருக்கும்போதும், உள் வளைவில் ஊசி எழுத்தின் மேல் இறங்கியிருக்கும்போதும் மட்டும் பாகத்தைத் திருப்புங்கள். மாற்றித் திருப்பினால் வளைவில் முக்கோண இடைவெளி விழும். மலையாள எழுத்தில் இந்தத் தப்பு பத்து இடத்தில் தெரியும். கீழ் அடுக்கை முதலில் முழுதாகத் தைத்து முடித்து, அதன்மேல் மேல் அடுக்கு. ஒரு பேர், முன் நம்பர், பின் நம்பர் இரண்டடுக்கில் பழகிய கைக்கும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விலை போடும்போது துணியைவிட இந்த நேரத்தைத்தான் எண்ண வேண்டும்.

ஒட்டும்போது வரும் பெரிய ஆபத்து சாயம் ஏறுவது. சிவப்பு, மெரூன், கருநீல பாலியெஸ்டரில் இருக்கும் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே ஏறும். வெள்ளை ட்வில்லை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டின அன்று பளிச்சென்று இருக்கும், இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிடும். பிசின் பூசிய ட்வில்லுக்குப் பெரும்பாலும் 150 டிகிரிக்குப் பக்கத்தில் 10 முதல் 15 விநாடி சொல்வார்கள். அடர்நிறத் துணியில் முதலில் ஒரு வெட்டுத்துண்டில் ஒட்டி, மேலே கனம் வைத்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். நிறம் ஏறினால் சூட்டைக் குறையுங்கள், அல்லது பிரஸ்ஸே வேண்டாம், தற்காலிக ஸ்ப்ரே பசையில் நிறுத்தித் தையலை மட்டும் நம்புங்கள். கீழ் அடுக்கும் பாலியெஸ்டர்தான், அதன் சாயமும் மேல் அடுக்குக்கு ஏறும் என்பதால் இரண்டு அடுக்கையும் சேர்த்தே சோதியுங்கள்.

பக்கப் பட்டிக்கு டிசைன் வேண்டும் என்றால் சப்ளிமேஷன் (பேப்பரில் அச்சிட்ட படத்தைச் சூட்டில் துணிக்கு ஏற்றும் முறை) நல்லது, வெள்ளை பாலியெஸ்டரில் 200 டிகிரிக்குப் பக்கத்தில், ஒரு நிமிடத்துக்குள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது பேப்பரும் துணியும் ஈரம் குடித்திருக்கும், படம் திட்டுத்திட்டாக வரும். பேப்பர் வைக்குமுன் துணியை மட்டும் ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தை விரட்டுங்கள்.

கசவுக் கரை (கேரளச் சேலையின் ஜரிகைக் கரை) வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கழுத்திலும் கைக்குழியிலும் வேண்டாம், ஜரிகை தோலைக் கீறும், இழுபடவும் செய்யாது. பக்கத்தையல் ஓரமாக மேலிருந்து கீழாக ஒரு இன்ச் பட்டை வைத்தால் நிற்கும், ஏனென்றால் ஜெர்சி பெரும்பாலும் குறுக்குவாட்டில்தான் இழுபடும். பருத்தி நூல் சுருங்குவதால் கரையை முன்பே துவைத்துக் காயவைத்துத்தான் தைக்க வேண்டும்.

கழுத்து ரிப் கழுத்துச் சுற்றளவில் 85 முதல் 88 விழுக்காடு, கைக்குழிக்கு 90. குறைந்தால் சுருங்கிக் கூம்பும், கூடினால் அலையடிக்கும். ஓவர்லாக்கில் மெஷ் அலையடித்தால் டிஃபரன்ஷியலை (துணியைத் தள்ளும் முன், பின் பற்களின் வேக விகிதத்தை) ஒன்றுக்கு மேல் ஏற்றுங்கள். டீ ஷர்ட்டுக்கு மேல் போடும் ஜெர்சிக்குக் கைக்குழியை அரை இன்ச் இறக்கினால் போதும்.

நம்பருக்கு வருவோம். ஆட்டத்தில் போடும் ஜெர்சி என்றால் ஃபிபா (FIBA, உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதி: முதுகு நம்பர் உயரம் குறைந்தது 16 சென்டிமீட்டர், நெஞ்சில் 8, கோட்டின் அகலம் 2. நம்பரிலிருந்து விளம்பரமோ லோகோவோ 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 0, 00, 1 முதல் 99 வரை அனுமதி. ஆனால் 2014 வரை ஃபிபா ஆட்டங்களில் 4 முதல் 15 வரைதான் நம்பர். பழைய கிளப் டீம் பாணியில் ஜெர்சி செய்கிறவர்கள் பழக்கத்தில் 23 போடுகிறார்கள், அது அமெரிக்க ஞாபகம். நம் பக்கத்துப் பழைய டீம் போட்டோவில் இருப்பது 4ம் 7ம் 11ம்தான். என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) டீம் லோகோவைக் கொஞ்சம் மாற்றி எடுப்பதும் வேண்டாம், அவை பதிவு செய்த வணிகக் குறிகள். பள்ளி, கல்லூரிப் பேர் போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

எல்லை தாண்டும் வேலைக்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். சரக்கு 50,000 ரூபாய்க்குள் இருந்தால் இ-வே பில் (சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) வேண்டாம் என்று பலரும் நினைத்திருப்பார்கள். வெட்டிய பாகங்களை கேரளத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் கூலிவேலைக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் வேண்டும், டெலிவரி சலானோடு. வாளையாரில் வரிச் சோதனைச்சாவடி போய்விட்டது, வழியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது போகவில்லை.

விலையில் 2,500 ரூபாய் ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 வரை ஜிஎஸ்டி 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. வரிக்கு முன் 2,500 என்றால் வாங்குபவர் தருவது 2,625. அதையே 2,600 ஆக்கினால் 3,068. உங்களுக்குக் கிடைப்பது நூறு ரூபாய் கூடுதல், அவருக்குச் செலவு 443 ரூபாய் கூடுதல். இரண்டடுக்கு எழுத்து, பின் நம்பர், கசவு எல்லாம் சேர்ந்து கோட்டைத் தாண்டினால் தைரியமாக மூவாயிரத்துக்கு மேல் வைக்க வேண்டிய ஜெர்சியாகச் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு அடுக்கைக் குறைத்து உள்ளேயே நில்லுங்கள்.

அனுப்புமுன் ஒவ்வொரு பேட்சிலும் ஒன்றை மூன்று முறை துவைத்துப் பாருங்கள், புள்ளியையும் சுழியையும் விரலால் தடவி. லேபிளில் இதை எழுதுங்கள்: உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த தண்ணீரில் துவைக்கவும், எழுத்தின் மேல் இஸ்திரிப்பெட்டி வைக்கக்கூடாது. தமிழிலும் மலையாளத்திலும்.