ஆணி அடிக்காத சுவர்

வாடகை வீட்டுக்கு மாறியதும் அலங்கார ஆசை அடங்கிவிட்டது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் உத்தரவு. பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தட்டு எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. திரைச்சீலை பழுப்பேறினாலும், 'நம்ம வீடா என்ன?' என்று விட்டுவிட்டேன்.

நவராத்திரிக்கு முன் மதுரை விளாச்சேரியில் ஒரு செட்டியார் பொம்மை வாங்கினேன். களிமண்ணில் செய்து, சுட்டு, வண்ணம் பூசியது. முன்னால் குட்டி மளிகைக் கடை வேறு. கொலு முடிந்ததும் அதைப் பரணில் போட மனசு வரவில்லை. அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து வைத்தேன். தட்டு பளிச்சென்றதும் மேலே இருந்த வெற்றுச் சுவர் உறுத்தியது. சரி, ஆணி எதற்கு? பாயை அலமாரி மேல் சாய்த்து நிறுத்தினேன். வீட்டுக்காரருக்கும் ஆட்சேபணை இருக்காது.

இப்போது திரைச்சீலைக்குச் சுங்குடித் துணி தேடுகிறோம். அரக்கா, கரும்பச்சையா என்று வீட்டில் சண்டை. கரும்பச்சைதான்.